கண்மாய்க்குள் போட்ட வார்டுக் கோடு

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருதூரணிப்பட்டி வர்த்தகர் சங்கத் தலைவர் ஐயா ஆத்மநாதன் அவர்களே! அம்மாவை இழந்த துக்கத்திலும் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மகள் கலைமதி அவர்களே! செக்கடித் தெரு, பால்பண்ணைத் தெரு, மேலக்கரை மக்களே! ஆளுயர மாலையோடு வந்து இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கும் நமது பேரூராட்சியின் துணைத் தலைவர், ஆளுங்கட்சியின் அருமைத் தம்பி சிவபிரகாஷ் அவர்களே! எல்லோருக்கும் இந்த பெலிக்ஸின் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. அன்னவாசல் ரோட்டில் டயர் கடை வைத்திருப்பவன். மூன்று தேர்தலில் புவனேஸ்வரி அக்காவுக்குப் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவன். பூத்துக்குள் உட்கார்ந்து ஆட்சேபம் சொல்லியே பழகிய தொண்டை இது. மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நமது பேரூராட்சியின் வார்டு எல்லைகளை மறுபடி வரைந்து ஒரு வரைவு வெளியிட்டிருக்கிறார்கள். அதை எதிர்த்து ஆட்சேபனை கொடுக்க இன்று மாலைதான் கடைசி. அது தெரிந்துதான் இந்தக் கூட்டத்தை இன்று மதியம் வைக்கச் சொன்னார் கலைமதி. ஏன் என்பதை நான் பேசி முடிப்பதற்குள் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

நண்பர்களே! யார் இந்தப் புவனேஸ்வரி? பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தையல் கடை. அந்தக் கடைதான் இந்த ஊரின் ஆறாவது வார்டுக்கு அலுவலகம். குழாயில் தண்ணீர் வரவில்லையா? தையல் கடை. தெருவிளக்கு எரியவில்லையா? தையல் கடை. வளைகுடாவுக்குப் போன மகன் ஃபோன் பண்ணவில்லை என்று அழுதுகொண்டு வந்த தாய்மாரும் அங்கேதான் போய் நின்றார்கள். அதற்கும் ஒரு கவுன்சிலருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல், ஏஜென்சிக்காரனைக் கூப்பிட்டு, அவன் காது கிழியக் கத்திய மனுஷி அவர்!

அக்கா சாந்தமானவர் என்று யாராவது இந்த மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். இறந்துபோனவர்களைச் சாந்தமாக்கிவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அவர் கோபக்காரர். ஒருமுறை முறைத்துக்கொண்டால் ஆறு மாதம் பேச மாட்டார். என்னிடமே இரண்டு தேர்தலுக்கு நடுவில் பேசாமல் இருந்திருக்கிறார். ஆனால் அந்தக் கோபத்தை ஒருநாளாவது தனக்காகச் செலவழித்தாரா? சொல்லுங்கள், செலவழித்தாரா?

சென்ற முறை வார்டு எல்லையை மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, ஒருவர் அந்தத் தையல் கடைக்குப் போனார். தம்பி சிவபிரகாஷ், தலை குனிய வேண்டாம். நீங்கள்தான் போனீர்கள். நான் அப்போது கடை வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், தப்பு இருந்தால் எழுந்து மறுக்கலாம்.

“அக்கா, நீங்க ஏன் சிரமப்படுறீங்க? ஒங்க சொந்தக்காரவுக இருக்குற தெருவெல்லாம் ஒரே வார்டுல வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணிருவோம். ஒங்களுக்கு ஏத்த மாதிரியே வெட்டித் தர்றோம். மத்த வார்டப் பத்தி மட்டும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது.”

அக்கா கத்தரியைக் கீழே வைக்கவில்லை. “எனக்கு ஏத்த மாதிரி வெட்டுனா அது சட்டைத் துணி தம்பி. வார்டு இல்ல. போயிட்டு வாங்க” என்றார்.

யோசித்துப் பாருங்கள்! ஆயுசு முழுக்க ஜெயிக்கிற சீட்டு. வீடு தேடி வந்தது. வாயை மூடினால் போதும். மூடினாரா?

மூடவில்லை. அதனால் என்ன ஆனது? ஆறாவது வார்டு மூன்று துண்டானது. செக்கடித் தெரு ஐந்தாவது வார்டோடு போனது. பால்பண்ணைத் தெரு ஏழோடு போனது. மேலக்கரையை ஒன்பதோடு சேர்த்துவிட்டு, பெரியகண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் கீழக்கரையை வேறு வார்டு என்றார்கள். கோடு எங்கே போனது? கண்மாய்க்கு நடுவே! தண்ணீருக்குள் வார்டு எல்லை போட்ட முதல் ஊர் நம்முடையதாகத்தான் இருக்கும்.

இதன் சூட்சுமம் ரொம்பச் சுலபமானது. உன்னை எதிர்க்கிற தெரு மூன்று ஒரே இடத்தில் இருந்தால் அதை மூன்றாகக் கிழி. ஒவ்வொரு துண்டும் போன இடத்தில் சிறுபான்மையாகிவிடும். எதிர்க்கிறவர்கள் கிழிக்க முடியாத அளவுக்கு இருந்தால், எல்லோரையும் ஒரே வார்டுக்குள் அடை. அங்கே அவர்கள் ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து வெடி போட்டுக்கொள்ளட்டும். சுற்றியிருக்கிற நாலு வார்டு உனக்கு. ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவன் ஜெயித்தவன் என்பதுதானே நம்முடைய முறை? மிச்சம் விழுந்த ஓட்டெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? எதிலும் சேராது.

வாக்கு எண்ணும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவன் சொல்கிறேன். அந்தத் தேர்தலில் எந்திரத்தில் யாரும் கை வைக்கவில்லை. கள்ள ஓட்டு விழவில்லை. விழ விட்டிருக்க மாட்டேன். ஊரில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு ஆளுங்கட்சிக்கு எதிராகத்தான் விழுந்தது. பதினைந்து வார்டில் பதினொன்று யாருக்கு? ஆளுங்கட்சிக்கு! திருட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று ஐயா. தேர்தலுக்கு முன்பே தேர்தல் முடிந்துவிட்டது.

எந்தக் கட்சி என்று நான் பெயர் சொல்லவில்லை. பயந்து அல்ல. அதற்கு முந்தைய தடவை வேறு கட்சி ஆண்டது, அவர்களும் இதே பென்சிலைத்தான் பிடித்தார்கள். அக்கா அவர்களையும் எதிர்த்தார். அதனால்தான் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து அவருக்கு ‘ஆட்சேபனை அம்மா’ என்று பட்டம் கட்டினார்கள். கேலியாகக் கட்டிய பட்டம். இன்று நான் அதைப் பெருமையோடு சொல்கிறேன், ஆட்சேபனை அம்மா புவனேஸ்வரி!

அந்த வரையறைக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு எந்த நாளைக் குறித்தார்கள் தெரியுமா? பெரியகண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும் நாளைக் குறித்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீராகும்போது ஒரு நாள் வைப்போம். விடியும்போது பெரியவர் பிச்சைமுத்து கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவரும் தண்ணீரில் காலை வைக்க மாட்டார்கள். வீசிவிட்டால், மீனைக் கவிழ்த்துப் பிடிக்கிற ஊத்தாக் கூடையோடு எல்லோரும் இறங்கிவிடுவார்கள், வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். எந்த ஊர், எந்தச் சாதி என்ற கேள்வி கிடையாது. பிடித்தது பிடித்தவருக்கு. விற்பது வழக்கமில்லை, அன்று ஊரெல்லாம் மீன் குழம்பு.

கூட்டத்துக்கு வருகிறோம் என்று முந்தின நாள் மாலை வரை சத்தியம் பண்ணியவர்கள் எத்தனை பேர்! துண்டு வீசியதும் அத்தனை பேரும் கண்மாய்க்குள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இது நம்ம ஊருக்கே உரிய தப்பு. அதை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் நாள் குறித்தார்கள். பேரூராட்சி மன்றத்தில் வரிசை வரிசையாக நாற்காலி. உட்கார்ந்தது அக்காவும் நானும்.

“ஆருமே வரலையேம்மா” என்றார் அதிகாரி.

“என்ன சார், ஆருமே வரலைங்கிறீங்க? அப்ப நான் ஆரு?” என்றார் அக்கா.

ஆட்சேபனையைச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்தவர் நேராகக் கண்மாய்க்கு நடந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை. பம்புசெட்டிலிருந்து ஒரு நீளக் கயிறு வாங்கினார். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கினார். கண்மாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, வரைபடத்தில் கோடு போன வழியிலேயே, கயிற்றைக் குறுக்கே கட்ட வைத்தார்.

“மேலக்கரை சனமெல்லாம் இங்கிட்டு நில்லுங்க. கீழக்கரை சனம் அங்கிட்டு. கயித்தத் தாண்டி ஆரும் ஊத்தாவப் போடக் கூடாது. இதுதான் இனிமே சட்டம்!”

வேடிக்கை என்று நினைத்து ஜனம் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றது. கொஞ்ச நேரம்தான். தண்ணீர் குறைந்த கண்மாயில் மீன் எங்கே ஒதுங்கும்? மடையை ஒட்டிய பள்ளத்தில். பள்ளம் எங்கே இருந்தது? அங்கிட்டு! கீழக்கரைக்காரர்கள் ஊத்தா போட்ட இடமெல்லாம் விராலும் கெளுத்தியும் துள்ளுகின்றன. மேலக்கரைக்காரர்கள் வெறும் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் முணுமுணுப்பு, பிறகு சத்தம், பிறகு கைகலப்பு வருகிற நிலைமை.

ராக்காயிதான் கேட்டார். அதோ, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார், கையைத் தூக்குங்கள் ராக்காயி! “ஏன்டி புவனா, ஒனக்குக் கிறுக்கா? தண்ணியில எவளாச்சும் கோடு போடுவாளா? இதென்ன நாயம்?”

அக்கா வரைபடத்தை விரித்துக் காட்டினார். “நான் போடலக்கா. ஆபீசுல போட்டிருக்காக. மீனுக்கு இம்புட்டுக் கோவம் வருதே, ஓட்டுக்கு வராதா?”

சத்தியமாகச் சொல்கிறேன். கீழக்கரையிலிருந்து ஒரு பெண்தான் முதலில் கயிற்றை அறுத்தார். மீன் கிடைத்த பக்கத்துப் பெண்! பிறகு இரண்டு கரை ஜனமும் சேற்றுக் காலோடு, தோளில் ஊத்தாவோடு பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தது. அங்கே என்ன சொன்னார்கள்? நேரம் முடிந்துவிட்டதாம். சேற்றுக் காலோடு உள்ளே வரக் கூடாதாம். கதவைச் சாத்தினார்கள். ஒரே ஒரு ஆட்சேபனை வந்தது, பரிசீலித்து நிராகரித்தோம் என்று உத்தரவு போட்டார்கள்.

அந்தத் தேர்தலில் அக்கா தோற்றார். துண்டாடப்பட்ட வார்டில் நின்று, தோற்பது உறுதி என்று தெரிந்தே நின்று தோற்றார். மறுநாள் காலை கடையைத் திறந்தார், மதியம் வழக்குப் போடப் போனார். வாய்தாவுக்கு வாய்தா பேருந்து ஏறினார். போகிற வழியில் துணிக்குக் காஜா எடுத்துக்கொண்டே போவார். கடைசியில் நீதிமன்றம் கேட்டது, ஊரே வர முடியாத நாளில் ஊரின் கருத்தை எப்படிக் கேட்டீர்கள்? புதிதாக வரைவு போடுங்கள், முறையாக ஆட்சேபனை கேளுங்கள் என்று உத்தரவானது. அன்று அக்கா ஊருக்கே மைசூர்பாகு கொடுத்தார். நான் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை.

நண்பர்களே, அந்தச் சிரிப்பை அதிக நாள் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. தையல் எந்திரத்தின் மேல் சாய்ந்தவர் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். எனக்குச் சொந்த அக்கா கிடையாது. கூடப் பிறந்தவள் போன மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அவரை அடக்கம் செய்த ஈரம் காயவில்லை, வந்துவிட்டது வரைவு! இத்தனை மாதம் ஏன் வரவில்லை? அவர் உயிரோடு இருந்தபோது வெளியிடத் துணிவில்லையா? என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். கண்மாய்க்கு நடுவில் ஓடிய கோட்டைக் கரைமேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மூன்று துண்டு இப்போதும் மூன்று துண்டுதான். எதிர்க்க ஒருத்திதான் இருந்தாள், அவளும் போய்விட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தம்பி சிவபிரகாஷ், உங்கள் மாலைக்கு நன்றி. பெரிய மாலை. ஆனால் அவருடைய படத்துக்கு மாலையையும் அவருடைய தெருவுக்குக் கத்தரியையும் ஒரே கையால் கொடுக்க முடியாது. நீங்களும் செக்கடித் தெருவில் பிறந்தவர்தான். இந்த வரைவு உங்கள் அம்மா வீட்டையும்தான் வெட்டுகிறது. எங்களோடு வருவதென்றால் வாருங்கள். வரவில்லையென்றாலும் நாங்கள் போவோம்!

ஐயா தலைவர் அவர்களே! அடுத்ததாக நீங்கள் எழுந்து, மறைந்தவருக்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று அறிவிக்க வேண்டும். அதுதான் முறை. கைகூப்பிக் கேட்கிறேன், அறிவிக்காதீர்கள். ஏன் தெரியுமா? நாம் மௌனமாக இருந்தால் அந்த அலுவலகத்தில் அதை ‘ஆட்சேபனை இல்லை’ என்று எழுதிக்கொள்வார்கள். சட்டப்படி அதுதான் அர்த்தம். வேறு எந்த மனிதருக்கு வேண்டுமானாலும் மௌன அஞ்சலி செலுத்தலாம். புவனேஸ்வரிக்குச் செலுத்தினால் அது அவர்களுக்குச் செலுத்திய ஓட்டு.

மனுக்கள் வாசலில் மேஜைமேல் தயாராக இருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் கையெழுத்து, தெரியாதவர் கைரேகை. இன்னொருவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், அவரவர் கையால் கொடுங்கள், அவரவர் வாயால் சொல்லுங்கள். அலுவலகம் ஐந்தே முக்காலுக்கு மூடும். இப்போது நாலரை. கலைமதி, நீ முன்னால் நட அம்மா. ஆத்மநாதன் ஐயா, கூட்டம் முடிந்தது என்று இங்கே சொல்லாதீர்கள், அலுவலக வாசலில் போய்ச் சொல்வோம்.

எழுந்திருங்கள்! இந்தப் பேரூராட்சியில் ஆட்சேபனை சொல்ல ஒருத்திதான் இருந்தாள் என்று நினைத்தவர்கள், இன்று சாயங்காலம் எண்ணி முடிக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது.