ஒன்பதாவது பாட்டு

தம்பி: ...போதும்க்கா, அந்த விமர்சனத்தை இதுக்கு மேல படிக்காத.

அக்கா: இருடா, இப்பதான் சூடு பிடிக்குது. மதியம் ஆடியோ கம்பெனியில இருந்து போன் பண்ணுவாங்க. அடுத்த ஆல்பத்துக்கும் நீதான் இசையா, வேற ஆளான்னு நான் பதில் சொல்லணும். அதுக்குள்ள முழுசா படிச்சிடலாம்.

தம்பி: ஏதோ ஒரு பத்திரிகைக்காரன் எழுதினதை வெச்சு...

அக்கா: "பதினோரு பாட்டில் பத்து ஒரே பாட்டுதான். டிரம் மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது."

தம்பி: அந்த ஆளுக்கு எலக்ட்ரோ பாப்னா என்னன்னே தெரியாது.

அக்கா: "பாடகிக்கு இது முதல் ஆல்பம். நல்ல குரலாக இருக்கலாம். சிந்தசைசர்கள் கொஞ்சம் வழிவிட்டிருந்தால் தெரிந்திருக்கும்."

தம்பி: மூணு வருஷ உழைப்புக்கா. ஒரு பாட்டுக்குள்ள நாப்பது டிராக், நாப்பது வாத்தியச் சத்தம்...

அக்கா: நாப்பது பேர் ஏறின லிஃப்ட்ல நான் எங்கயோ மூலையில நிக்கறேன்.

தம்பி: அப்படியா எழுதியிருக்கான்?

அக்கா: இல்ல, அது நான் சொன்னது.

தம்பி: அப்ப உனக்கும் பிடிக்கலையா?

அக்கா: நான் எப்படா அப்படிச் சொன்னேன்? பேச்சை மாத்தாத. ஒன்பதாவது பாட்டைப் பத்தி மட்டும் ஒரு பத்தியே இருக்கு.

தம்பி: அப்படியா... அக்கா, பால் பொங்குது பாரு.

அக்கா: அடுப்பே பத்தவைக்கல. "இந்தப் பாட்டில்தான் ஒரு மனுஷி இருக்கிறாள். பின்னால் ஏதோ சுழல்கிற சத்தம். என்ன கருவி என்று கண்டுபிடிக்க முடியவில்லை." என்ன கருவிடா அது?

தம்பி: அது ஒரு... புது மாதிரி சிந்தசைசர்.

அக்கா: எத்தனை கிலோ?

தம்பி: என்னது?

அக்கா: ஏழு கிலோவா, எட்டு கிலோவா? குளியலறை வாசல்ல நிக்குதே, அம்மா வாங்கின வாஷிங் மெஷின். அதைத்தான் கேட்டேன்.

தம்பி: ...தெரிஞ்சுபோச்சா?

அக்கா: ஒன்பதாவதா வரவேண்டியது அந்த மழைப் பாட்டு. வந்திருக்கறது நான் துணி துவைக்கறப்ப பாடினது. என் குரல் எனக்குத் தெரியாதா?

தம்பி: ஃபைல் மாறிப்போச்சுக்கா. ஃபைனல், ஃபைனல் ரெண்டு, நிஜ ஃபைனல், சத்தியமா ஃபைனல்னு பேர் வெச்சிருந்தேனா... அனுப்பறப்ப கை தவறிடுச்சு.

அக்கா: இதுக்கு என்ன பேர் வெச்சிருந்த?

தம்பி: ...துணி.

அக்கா: சத்தியமா ஃபைனலுக்குப் பதிலா துணி. நல்லா தவறுது உன் கை.

தம்பி: சரி... தவறல. வேணும்னேதான் அனுப்பினேன். மைக் முன்னாடி நின்னா, டாக்டர்கிட்ட நாக்கை நீட்டற மாதிரி நிக்கற நீ. மெஷின் ஓடறப்ப மட்டும், யாருக்கும் கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டு, அவ்வளவு நல்லா பாடற. சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி போனை ஒளிச்சுவெச்சேன்.

அக்கா: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

தம்பி: கேட்டா பாடியிருப்பியா?

அக்கா: ...மாட்டேன்.

தம்பி: அதிர்ஷ்டமும் கூட வந்துச்சு. எப்பவும் ஜீன்ஸ் பட்டன் உள்ள இடிச்சு டக்கு டக்குனு சத்தம் வரும். அன்னைக்கு அதுகூட இல்ல. அவ்வளவு சுத்தமா பதிவாச்சு.

அக்கா: ம்... அப்ப மத்த பத்துப் பாட்டு?

தம்பி: சொன்னா அடிக்கக் கூடாது.

அக்கா: சொல்லு.

தம்பி: சுமார்தான்க்கா. ஒரு வருஷமாவே எனக்குத் தெரியும். ஆனா ஒவ்வொண்ணையும் கேட்டுட்டு நீ சூப்பர்டா சூப்பர்டான்னு சொன்ன. உன் மனசை எப்படி உடைக்கறது?

அக்கா: ஹெட்போனைக் கையில கொடுத்துட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிப்ப. வேற என்னடா சொல்ல முடியும்?

தம்பி: அடிப்பாவி... பிடிக்காமலே சொன்னியா?

அக்கா: இரு, கடைசி வரி. "அடுத்த ஆல்பத்தை ஒன்பதாவது பாட்டுக்கு இசையமைத்தவரிடமே கொடுக்கலாம். மற்ற பத்துக்கு இசையமைத்தவரைத் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்."

தம்பி: ரெண்டும் நான்தானே.

அக்கா: நீ ஏற்கெனவே வீட்லதான் இருக்க. உன்னை எங்க அனுப்பறது?

தம்பி: விளையாடாதக்கா. போன் அடிக்குது பாரு... கம்பெனிதான். வேற ஆளே போதும்னு சொல்லிடு. எனக்கு வருத்தம் இல்ல. கொஞ்சம் இருக்கும்... பரவால்ல.

அக்கா: ஹலோ... ஆமாங்க, நான்தான். முடிவு பண்ணிட்டேன், என் தம்பிதான் இசை. ஆமா, ஒன்பதாவது பாட்டுப் பண்ணினவனேதான்... சரிங்க, வெச்சிடறேன்.

தம்பி: அக்கா... உனக்குத் தெரியாம பதிவு பண்ணியிருக்கேன். கோபமே வரலையா?

அக்கா: எனக்குத் தெரியாமயா? டப்பாவுக்கு மேல உன் போன் எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்துச்சுடா. பட்டன் இடிக்காதது உன் அதிர்ஷ்டமும் இல்ல. அன்னைக்கு மெஷினுக்குள்ள ஒரு துணிகூட இல்ல.