எரியோட்டுப் பேருந்தில் ஒரு ரிப்போர்ட்

திண்டுக்கல்லில் இருந்து பேருந்து கிளம்பி வெகு நேரமாகியும் எனக்கு முன்சீட்டில் இருந்த கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. கணவர் மடியில் ஆஸ்பத்திரிக் கவர் இருந்தது. திடீரென்று அவர் சொன்னார்:

“குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்காம். உள்ளதான் ஆளில்லையாம்.”

“எந்தக் குழாயி?”

“மெதுவாப் பேசு. வெரையில சதை கிள்ளி எடுத்தாங்கல்ல, அத மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்திருக்காங்க. நம்ம தோட்டத்துச் சொட்டுநீர் டியூபு மாதிரி உள்ள சுருண்டு சுருண்டு கெடக்குமாம். நூலவிடச் சன்னமாம்.”

“அதுக்குள்ள?”

“விந்தணுவ வளக்குறதுக்குன்னே தாய் மாதிரி ஒரு அணு இருக்காம். அதுக மட்டும் வரிசையா நிக்குதாம். வளக்குறதுக்குத்தான் ஒரு விந்தணுகூட இல்லையாம்.”

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்னைய மாதிரி.”

அவர் கவரைப் பார்த்தபடியே இருந்தார். “புள்ள வரங்கேட்டு மூணு ஆடிக்கு உன்னையக் கோயில்ல மண்சோறு திங்க வச்சேன்.”

“அத விடுங்க. எறங்குனதும் அத்தை கேப்பாங்க. என்ன சொல்ல?”

ஒரு நிறுத்தம் கடந்தது.

“எப்பயும் சொல்றதையே சொல்லிரு.”

“எனக்குத்தான் கொறைன்னா?”

 அவர் கவரை இரண்டாக, நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

“சொல்றேன்,” என்றார் அந்தப் பெண். “ஆனா வர்ற ஆடிக்குத் தரையில நீங்க உக்காந்து திங்கணும். நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்.”