புள்ளிக்கு ஓர் உறுமல்

காலையில் வந்ததும் கீபோர்டுகளைத் துடைப்பது என் பழக்கம், சார். பிறர் விரல் பட்ட பொருளைத் தொட்டாலே எனக்குக் குமட்டும்.

1999இல் தவசி அண்ணனின் சிம்மக்கல் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் பொறுப்பு. தமிழ் கீபோர்டு முறையையும் நானே எழுதினேன். எழுத்தை அடித்த பிறகுதான் புள்ளி வைக்க வேண்டும். முதலில் புள்ளி அடித்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. தப்பு செய்தவருக்கு அது தெரிய வேண்டும் அல்லவா? வெறும் 'டிங்' வைத்துப் பார்த்தேன், யாருக்கும் உறைக்கவில்லை. வைகைக்குள் சாக்கடையில் புரளும் பன்றியின் உறுமலை டேப்பில் பிடித்துவந்து வைத்தேன்.

உசிலம்பட்டியிலிருந்து சோலையம்மாள் டைப் அடிக்க வந்தாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். டைப்ரைட்டரில் புள்ளியை அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்பார்கள். அந்தக் கை சட்டென்று மாறுமா? நாளெல்லாம் உறுமல்தான். "சோலை, பன்னி பசியா இருக்குபோல" என்று அறையே சிரிக்கும். அவள் எச்சில் தொட்டுத் தாள் புரட்டுவாள், அந்த ஈரத்தோடு கீயைத் தொடுவாள். அவள் எழுந்து போனதும் நான் அந்தக் கீபோர்டை மறுபடி துடைப்பேன்.

"ஒரு மாசம் பாப்பேன்த்தா. தேறலைன்னா ஊருக்குப் போயிரு" என்றார் தவசி அண்ணன்.

"போனா களையெடுக்கத்தாண்ணே போகணும். பழகிருவேன்" என்றாள்.

பத்தே நாளில் பழகிவிட்டாள். உறுமல் நின்றது. எச்சில் நிற்கவில்லை. இனி இவள் இங்கேயேதான் இருக்கப்போகிறாள் என்று நினைத்தாலே வாய் கசந்தது. அவள் கம்ப்யூட்டரில் மட்டும் இரண்டு வரி சேர்த்தேன். அவள் சரியாக வைக்கும் புள்ளிகளில் பத்துக்கு ஒன்றை அது விழுங்கிவிட்டு உறுமும்.

"எங்க தப்புப் பண்றேன், நாகுண்ணே?" என்று என்னிடமே வந்து கேட்டாள்.

"சுண்டுவிரல் முந்துதும்மா" என்றேன்.

நம்பிவிட்டாள். ரப்பர் பேண்டு சுற்றி அந்த விரலை அடக்கப் பார்த்தாள். அது நீலம் பாரித்து வீங்கியது. உறுமல் மட்டும் குறையவில்லை.

அந்த ஒரு மாதக் கெடுவின் கடைசி நாள், பேப்பர் வெட்டும் மிஷினில் அவளே அந்த விரலை வைத்தாள். "ஏத்தா, கையை எடு" என்று தவசி அண்ணன் கத்துவதற்குள் முடிந்துவிட்டது. தரையில் கிடந்ததைப் பார்த்து நான் வாந்தி எடுத்தேன்.

அவள் கம்ப்யூட்டரில் நீங்கள் கண்டெடுத்த அந்த இரண்டு வரியை எழுதியது நான்தான், சார். அவள் விரலில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒரு நாளும் நான் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.