மடிக்கு எதற்கு மரபணுச் சோதனை?

கொஞ்சம் இருங்க... மரபணு விஷயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதைய உங்க முன்னால வைக்கிறேன். கேட்டுட்டுச் சண்டைக்கு வாங்க, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்.

சோலையப்பன்னு ஒருத்தர். திருமங்கலம் பக்கம் ஹார்டுவேர் கடை. கடை நேரம் போக மத்த நேரமெல்லாம் வாட்ஸ்அப். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுற பங்காளிங்க இருநூறு பேருக்கு ஒரு குழு. அதுக்கு இவர்தான் அட்மின். அட்மின்னா சும்மாவா? நாட்டாமைக்கு மேல!

அந்தக் குழுவுல வேலுத்துரைன்னு ஒருத்தர். தத்தெடுத்து வளர்த்த பிள்ளை, ஊருக்கே தெரியும். அவரை வளர்த்தவங்களுக்குப் பின்னால பொறந்த பொண்ணு அவர் தங்கச்சி. தங்கச்சி குழந்தைக்குக் கோயில்ல காதுகுத்து. நம்ம வழக்கம் என்ன? தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். சந்தோஷமா பத்திரிகையக் குழுவுல போட்டார்.

விட்டாரா சோலையப்பன்? தத்துப்பிள்ளை எப்படித் தாய்மாமன் ஆவான்னு ஆரம்பிச்சு, பதினோரு நாள் சண்டை. வீடியோவாத் தேடித் தேடிப் போடுறார்... குரோமோசோம்ங்கிறார்... பத்தாவதுல அறிவியல்ல தோத்த மனுசன்! கடைசியில எழுதினார்: "மனுசன் பொய் சொல்லுவான், மரபணு பொய் சொல்லாது. ரத்த உறவு இல்லாதவன் இனிமே நம்ம கோயில்ல மடி கொடுக்கக் கூடாது."

நூத்தி நாப்பது பேர் கைதட்டுற படம் போட்டாங்க. எதிர்த்து? ஒருத்தர்... ஒரே ஒருத்தர் கூட எழுதல. வேலுத்துரை பத்திரிகைய அழிச்சிட்டுக் குழுவ விட்டே போயிட்டார். காதுகுத்து நின்னு போச்சு.

சோலையப்பனுக்கு அதோட அடங்கல. தன் வம்சம் சுத்தம்னு காட்டணுமாம். அவரும் சித்தப்பா மகனும் எச்சிலைத் துப்பிச் சோதனைக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட் வந்துச்சு... ரெண்டு பேருக்கும் ரத்த உறவே இல்ல!

ஓடினார் அம்மாகிட்ட. அந்த அம்மா மறைக்கல. கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லாம, வெளியூர்ல இருந்தப்ப யாருக்கும் தெரியாம இவரைத் தத்தெடுத்ததையும், நாலு வருஷம் கழிச்சு தங்கச்சி அன்புக்கொடி பொறந்ததையும் சொல்லிட்டாங்க.

அடுத்த மாசம் அந்தத் தங்கச்சி அன்புக்கொடியோட மகளுக்குக் காதுகுத்து. மடி கொடுக்க வேண்டியது யாரு? சோலையப்பன். கொடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? அதுவும் சோலையப்பன்! சித்தப்பா மகன் அதுக்குள்ள ரிப்போர்ட்டக் குழுவுல போட்டுட்டார். அன்னிக்குக் கைதட்டின அதே நூத்தி நாப்பது பேர் இன்னிக்கும் கைதட்டுறாங்க.

தங்கச்சி வீட்டுல போய் நின்னு, எனக்கு உரிமை இல்லம்மா, வேற யாரையாச்சும் உக்கார வையின்னு அழுதார். அந்தப் பொண்ணு சொன்னத அப்படியே சொல்றேன், கேளுங்க.

"எனக்கு டைபாய்டு வந்தப்ப என்னைத் தோள்ல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது யாருண்ணே, ரிப்போர்ட்டா? என் மக உன் மடியிலதான் உக்காருவா. எவன் தடுக்கிறான்னு நான் பாக்குறேன். ஆனா... முதல்ல வேலுத்துரை அண்ணன்கிட்டப் போய் மன்னிப்புக் கேளு. அவர் உக்காராத கோயில்ல நீயும் உக்கார வேண்டாம்."

போனார். வேலுத்துரை உடனே மன்னிச்சாரா? இல்ல. "இருநூறு பேர் முன்னால அவமானப்படுத்திட்டு, வீட்டுக்குள்ள வந்து ரகசியமா மன்னிப்புக் கேக்குறீங்களே"ன்னார். நியாயந்தானே?

அங்கயே நின்னபடி சோலையப்பன் குழுவுல எழுதினார்: "நானும் தத்துப்பிள்ளை. வேலுத்துரைக்கு நான் செஞ்சது அநியாயம். ஒரே நாள்ல ரெண்டு குழந்தைக்கும் காது குத்தப் போறோம், ரெண்டு தாய்மாமனும் மடி கொடுக்கப் போறோம். தடுக்கிறவங்க நேர்ல வாங்க."

அதைப் படிச்ச பிறகுதான் வேலுத்துரை சம்மதிச்சார், ரெண்டு குழந்தைக்கும் காது குத்தியாச்சு. தடுக்க வந்தாங்களா? நூத்தி நாப்பது பேர்ல ஒருத்தர் வந்தார்... பந்தியில உக்காந்து நல்லாச் சாப்பிட்டுட்டுப் போனார்!

நான் விஞ்ஞானத்தைக் குறை சொல்லலீங்க. அந்த ரிப்போர்ட் உண்மையத்தான் சொல்லுச்சு. யாரு யாருக்குப் பொறந்தாங்கன்னு அது சொல்லட்டும். யாரு எனக்கு அண்ணன்னு நான் சொல்லிக்கிறேன்... அதைக் கேக்க நீ யாரு?

ஆனா என் கோபம் சோலையப்பன் மேல கூட இல்ல. எழுதாம இருந்தாங்களே, அவங்க மேல. இங்க உக்காந்திருக்கிற உங்க மேல! அன்னிக்கு ஒரே ஒருத்தர் வேலுத்துரைக்காக எழுதியிருந்தா அந்தக் குழந்தையோட விசேஷம் நின்னிருக்குமா? நாளைக்கு உங்க குழுவுல எவனாவது எவனையாவது பார்த்து உன் ரத்தம் என்னன்னு கேப்பான். எழுதுங்க. குழுவ விட்டுத் தூக்குவாங்களா? தூக்கட்டும்யா... ரத்தம் கேக்குற கூட்டத்துல நமக்கு என்ன வேலை?