புத்துக்கிட்ட ஒரு வார்த்தை

ஹலோ... ஹலோ, அம்சா? நாந்தான்டி, அண்ணி... ஆங்... ஆங்... துன்னியா? ... மூணே இட்லியா? வயித்துல ஒண்ணு கீதுல்ல, அதுக்கும் சேத்துத் துன்னுடி... சரி, சரி. டாக்டரம்மா இன்னா சொன்னாங்கோ? ... ஏழு மாசம்னா காலு வீங்கத்தான் செய்யும். தலவாணி மேல தூக்கி வெச்சிகினு படு. வெங்கடேசன் காலு புடிச்சி வுடறாரா? ... வுடறாரா! அடேங்கப்பா. உங்கண்ணன் எனக்குத் தைல பாட்டிலக்கூட எடுத்துக் குடுத்ததில்ல.

இல்லடி, சும்மா பண்ணல. ஒரு விசயம். கத்தக் கூடாது... மொதல்ல கத்த மாட்டேன்னு சொல்லு... ஆங். வூட்ல கரையானுக்கு மருந்து அடிக்க ஆளு வந்துகீறாங்கோ. வாசல்ல நிக்கிறாங்கோ, ட்ரில்லு மிசினோட.

... கத்த மாட்டேன்னியே!

... ஆமா. ஆமா, கொல்லைல கீற அந்தப் புத்துக்கும் சேத்துத்தான்... அம்சா... அடியேய், நான் பேசறத... இரு. அண்ணாத்த, ரெண்டே நிமிசம்! டீ குடிச்சிகினு இருங்க, நாத்தனாராண்ட பேசிகினு கீறேன்! ... ஹலோ. இன்னா சொன்ன? புத்தத் தொட்டா பிரசவத்துக்கு இங்க வர மாட்டியா? பின்ன எங்க போவ? அத்தையும் மாமாவும் போனப்புறம் உனக்குப் பொறந்த வூடுன்னா இதுதானடி. நீ வரணும்னுதான் இத்தினி பாடும்.

நீ தீவாளிக்கு வந்ததோட சரி. வூடு கெடக்கிற கெடப்பு உனக்குத் தெரியாது. வாசக்கால்ல வெரல வெச்சி அமுக்கினேன், பொசுக்குனு உள்ள போயிடுச்சி. வெளிய பெயின்ட்டு மட்டும் நிக்கிது. உனக்குன்னு ஒழிச்சி வெச்ச ரூம்ல, கட்டில்காலு மேல மண்ணு கோடு கோடா ஏறிகீது. எங்க கல்யாண ஆல்பத்தத் தொறக்கறேன், உங்கண்ணன் தலையக் காணோம்! மாலை மட்டும் தனியா நிக்கிது, பக்கத்துல நான் சிரிச்சிகினு கீறேன்... சிரி, சிரி. நல்லா சிரி.

... ஏன் இப்பவேவா? நீ வந்தப்புறம் அடிக்க முடியுமா? பச்சப்புள்ளைய வெச்சிகினு அடிக்க முடியுமா? இப்ப வுட்டா இன்னும் ஒரு வருசம். அதுக்குள்ள வூடே உக்காந்துடும்.

... இல்ல, கண்டவனையும் கூப்புடல. மூணு கம்பெனிய விசாரிச்சேன். ஒருத்தன் ஃபோன்லயே ரேட்டு சொல்றான், வூட்டப் பாக்கவே இல்ல. எட்டடி வூடா எம்பது அடி வூடான்னு அவனுக்கு இன்னா தெரியும்? இன்னொருத்தன் டை கட்டிகினு, கைல டேப்லெட்டோட வந்தான். இன்னா மருந்துன்னு கேட்டா இங்கிலீசுல பேசறான். புத்தப் பாத்துட்டு, ‘மேடம், கடப்பாரைல ஒரே போடு’ன்னான். டீகூடப் போடல, அனுப்பிட்டேன்.

மூணாவது ராஜேந்திரன். இப்ப வந்துகீறாரே, இவருதான்... திருப்போரூர் ஆளுதான். மருந்து டப்பாவக் காட்டறாரு, லைசென்ஸக் காட்டறாரு. வந்தவுடனே மொத கேள்வி, கெணறு எத்தினி அடி தள்ளி கீதுன்னாரு. ரெண்டாவது கேள்வி, வூட்ல யாராச்சும் மாசமா கீறாங்களான்னாரு. நாத்தனாரு வருவான்னேன். அப்ப பதினஞ்சி நாளு கழிச்சி வரச் சொல்லுங்கன்னாரு. வேற யாரு கேட்டா இதெல்லாம்? அதான் இவருன்னு முடிவு பண்ணேன்... ஆங், அஞ்சு வருசம் கேரன்டி எழுதித் தராரு. வருசா வருசம் வந்து பாப்பாரு.

... ஆமாடி, புத்தப் பாத்தாரு. கிட்டப் போறதுக்கு முன்னாடி செருப்பக் கழட்டி வுட்டாரு. ஒடைக்க மாட்டேன்மா, ஆனா உள்ள மருந்து ஊத்தியே ஆவணும், வூட்டுக்கு வர்ற தடமே அங்கேர்ந்துதான்னாரு. மேல் மண்ணுல ஒரு புடி எடுத்து, நம்ம தெரு அம்மன் கோயில் வேப்ப மரத்தடில வெச்சி கற்பூரம் ஏத்துங்க, அப்புறம் நான் கை வெக்கறேன்னாரு. பூசாரியையும் கேட்டேன். தாராளமா செய்ம்மான்டாரு.

... உன்ன யாருடி ஏமாத்தறா? ... இன்னாது? எனக்கு அந்தப் புத்து மேல அக்கற இல்லியா? எனக்கா?

ஏய். கேளு. துணி தொவைக்கிற கல்லாண்ட மொளச்சிது. நீ வந்து மஞ்சத் துணியக் கட்டி, ‘அண்ணி, ஆத்தா வந்துகீறா, எனக்குப் புள்ள குடுப்பா’ன்ன. ஒம்போது வருசம், ரெண்டு தபா கலைஞ்சி போய் நிக்கிறவ கேட்டா நான் இல்லம்பனா? நீ கட்டிட்டு அச்சரப்பாக்கத்துக்கு பஸ்ஸேறிட்ட. ரெண்டு வருசம், வெள்ளிக்கெழமன்னா பால் ஊத்தினது யாரு? மழைல கொட புடிச்சிகினு ஊத்தினது யாரு? வாசக்கால்ல மண்ணு ஏற ஏற, மருந்து அடிச்சா உனக்கு ஆவாம பூடுமோன்னு வெறும் தொடப்பத்தால தள்ளிகினு கெடந்தது யாரு? உங்கண்ணனா? அவரு காலைல கம்பெனி பஸ்ஸேறி மறைமலைநகர் போனா ராத்திரிதான் வருவாரு. நாந்தான்டி. அந்தம்மா என் கதவத் துன்னுகினேதான் உனக்குப் புள்ளயக் குடுத்தா. நான் ஒரு வார்த்த கேட்டனா?

...

அம்சா? ... பயமா கீதா?

... தெரியும்டி. புத்து போச்சின்னா புள்ளயும் பூடுமோன்னு. எனக்கு மட்டும் பயமா இல்லியா? பயமாத்தான் கீது. அதான் உன்னக் கேக்காம ஒரு மண்ணையும் தொடக் கூடாதுன்னு அவங்கள நிக்க வெச்சிகீறேன். நீ வாணாம்னு சொல்லு, இப்பவே அனுப்பிடறேன். கதவு போனா போவுது.

... இன்னா? ... கேக்கல, இன்னொரு தபா சொல்லு... சரியா? சரின்னா சொன்ன? ... மனசார?

... அவளாண்ட ஒரு வார்த்த சொல்லணுமா? இப்பவா? ... சரி, அதுக்கின்னா. இரு, கொல்லப்பக்கம் போறேன்... அண்ணாத்த, கொஞ்சம் அந்தாண்ட நில்லுங்க... ஆங், வந்துட்டேன். ஃபோன புத்தாண்ட வெக்கறேன். ஸ்பீக்கர்ல போடல, நீ சொல்றது எனக்கே கேக்காது. சொல்லு.

...

...

சொல்லிட்டியா? ... இன்னா சொன்ன? ... சரி, சொல்லாத. அது உங்க ரெண்டு பேருக்குள்ள. புடி மண்ண நானே எடுக்கறேன். பதினஞ்சி நாளு முடிஞ்சதும் உங்கண்ணன் காரு புடிச்சிகினு வருவாரு, பொட்டியக் கட்டி வெய்யி... வர்றல்ல? ... வர்ற. ஆங். அது போதும்.

... நானா? ... நானும் காலைல ஒண்ணு சொன்னேன்தான். ‘ரெண்டு வருசமா என் வூட்டத் துன்ன, நான் கேக்கல. இவ புள்ளயோட என் வூட்டுக்குள்ள நொழயணும், அத மட்டும் பாத்துக்கோ’ன்னேன்.

... நான் எங்க அழுவறேன்? மருந்து வாடைடி, கண்ணு எரியுது... இன்னும் டப்பாவே தொறக்கலன்னு ராஜேந்திரன் சிரிக்கிறாரு. வெய்யி ஃபோன.