அடுத்த இருக்கையில் ஒரு காது

நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்...

என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது. ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். அன்றைக்கு ராத்திரி மணி ஏழிருக்கும். கடைகளுக்கெல்லாம் சரக்குப் போட்டுவிட்டுக் காலி வண்டியோடு திரும்புகிறார். ஏரிக்கரைச் சாலை. ஆளரவம் இல்லை. சன்னமாக மழை... கண் சொக்குகிறது.

சித்தி இருந்தவரை வண்டியில் கூடவே வருவார். இருவருக்கும் சரித்திர சாகசக் கதை என்றால் உயிர். போனில் ஒலிப்புத்தகம் ஓடும். ஒயர் இல்லாத இயர்பட், ஆளுக்கு ஒரு காது. அதில் ஒரு குணம்... இரண்டில் ஒன்றைக் காதிலிருந்து எடுத்தாலும் கதை நின்றுவிடும்.

"என்னை விட்டுட்டு ஒரு வரி முன்னாடி கேட்டீங்க... அப்புறம் இருக்கு" என்பார் சித்தி. கதை பாதியில் இருக்கும்போது சித்தியே போய்விட்டார். அதற்கப்புறம் சித்தப்பா அந்தக் கதையைத் தொடவில்லை. மனசு வரவில்லை.

அன்றைக்குத் தூக்கத்துக்குப் பயந்து அந்தக் கதையைப் போட்டார். இரண்டையும் தன் காதிலேயே செருகிக்கொண்டார். அரச முத்திரையை மடியில் கட்டிக்கொண்டு தளபதி தப்பி ஓடுகிறான். பின்னால் குதிரைகள்... டக்... டக்... டக்... நடுவே வண்டிச் சக்கரத்தில் ஏதோ உரசுகிற சத்தம். அதைக் கேட்க ஒரு இயர்பட்டைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்தார்.

கதை நிற்கவில்லை.

குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. ரொட்டி வாசம் ஊறிய வண்டியில் தலைவலித் தைல வாசம்... சித்தி நெற்றியில் பூசுவது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. பயம்தான். பயத்தைவிட ஆசை அதிகம்.

"கேக்குதாம்மா?"

கதை மட்டும் ஓடியது.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. முடிந்தால் எழுந்து போய்விடுவாளே... கதையை நிறுத்திவிட்டார். "மிச்சத்தை நாளைக்குச் சேர்ந்து கேக்கலாம். இங்கயே இரு" என்றார். போனை இருக்கையிலேயே விட்டு, வண்டியைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார்.

காலையில் திறந்தார். தைல வாசம் துளியும் இல்லை. போனில் கடைசி அத்தியாயம் முழுக்க ஓடி முடிந்திருந்தது. சொல்லாமல் முந்திக்கொண்டு போவது அவளுக்குப் புதிதா என்ன... மனுஷர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அழுது ஓய்ந்த பிறகுதான் பார்த்தார். பக்கத்து இருக்கையில் இயர்பட் இரண்டும் கிடந்தன.

இரண்டாவதை அவர் கழற்றவே இல்லை... அதைக் காதில் வைத்தபடியேதான் படுத்திருந்தார்.