அமீனாவும் அம்சவல்லியின் கிட்டாரும்

அறுவடை முடிந்த இந்த வயலையே அரங்கமாக்கி, வைக்கோல் போரையே திரைச்சீலையாக்கி, இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் குத்தகை விவசாயிகள் சங்கத் தலைவர் அண்ணன் இராஜாங்கம் அவர்களே! நடவு வயலில் குனிந்து நாட்டை நிமிர்த்திய தாய்மார்களே! மேடைக்குக் கீழே நின்று மேடையைவிட உயர்ந்த பெரியவர்களே! பந்தலுக்கு வெளியே சைக்கிளில் சாய்ந்தபடி, "இந்த ஆள் எப்போ முடிப்பான்" என்று காத்திருக்கும் தம்பிமார்களே! தங்கையன் தலை தாழ்ந்து வணங்குகிறேன்.

இன்று என் அக்காள் கண்ணாத்தாளின் மகள் அம்சவல்லி, தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பதிவு செய்த பாட்டுத் தொகுப்பை இந்த மண்ணில் வெளியிடுகிறாள். வாழ்த்திப் பேசு என்றார்கள். நான் வாழ்த்தப் போவதில்லை. ஒரு கதை சொல்லப் போகிறேன். காவிரி மீது ஆணை, நீங்கள் ஒருவரும் நம்ப மாட்டீர்கள்!

யாரது சிரிப்பது? சைத்தூன் பீவி அக்காவா? சிரியுங்கள், உங்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

அம்சவல்லி செய்யும் தொழில் என்ன? ராக் இசை. எலெக்ட்ரிக் கிட்டார். நம் ஊரில் நாதசுரம் உண்டு, தவில் உண்டு, பறை உண்டு. அடுப்பங்கரையில் அம்மியும் உண்டு. ஆனால் மின்சாரத்தைக் குடித்து இடியைக் கக்கும் இந்த வாத்தியத்தை யார் கண்டார்? அதன் முதல் நாதம் எழுந்தபோது கோடியக்கரைக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பறவைகள் மூட்டை கட்டின. திருவிடைமருதூர் நந்தி காதை மடித்துக்கொண்டது. நீடாமங்கலம் சந்திப்பில் ரயில் நின்றது!

(ரயில் அங்கே எப்போதும் நிற்கும் என்கிறார் பின்வரிசைத் தம்பி. தம்பி, பேச்சுக்கு நடுவே உண்மையைச் சொல்லக் கூடாது.)

அவளுக்குப் பின்னால் கம்பெனி உண்டா? இல்லை. கைதூக்கி விட ஆள் உண்டா? இல்லை. பாட்டு எழுதுபவள் அவள், பாடுபவள் அவள், அறுந்த கம்பியை மாட்டுபவள் அவள், அன்று ஒலிப்பெட்டியைத் தலையில் சுமந்தவளும் அவள்! டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "என்னம்மா இது, சவப்பெட்டியா? லக்கேஜ் போடணும்."

"கைக்குழந்தைங்க. மடியில வச்சுக்கிறேன்" என்றாள். தஞ்சாவூர் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள், தாய்மார்களே!

கோயில் திருவிழாக்களில் துண்டுச் சீட்டு வரும்: இந்தப் படப் பாட்டு பாடு, அந்தப் படப் பாட்டு பாடு என்று. அவள் சீட்டை வாங்குவாள், கும்பிடுவாள், தன் பாட்டையே பாடுவாள். கூட்டம் கலையும். கடைசியில் மைக் செட்டுக்காரர் மட்டும் இருப்பார். அவர் இசைக்காக இருக்கவில்லை, மைக்குக்காக இருந்தார்! அந்த ஒருவருக்கும் ஊருக்குப் பாடுவது போலவே பாடினாள்.

தெருவில் வாசித்தால் சண்டை. ஆகவே என் அக்காளின் குத்தகை வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைதான் அவளுக்குப் பள்ளி, பயிற்சிக்கூடம், பதிவுக்கூடம். வீட்டுக்கு வீடு இலவச டி.வி. வந்த காலம் அது. டி.வி. வந்தது, கரண்ட் போனது! மோட்டாருக்கு எப்போது மின்சாரம் வருமோ அப்போதுதான் நெல்லுக்குத் தண்ணீர், பிள்ளைக்குப் பாட்டு. மின்வாரியத்தார் யாராவது வந்திருந்தால் இந்த ஒரு வரிக்கு மட்டும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

அந்த நிலத்துக்குத்தான் வந்தது ஆபத்து! வெள்ளம் தின்ற வருஷத்துக் குத்தகைப் பாக்கி என்று வழக்கு. நிலத்துக்காரர் வெளியூரில் இருந்தார். கோர்ட்டு உத்தரவு உள்ளூருக்கு வந்தது: கதிர் விட்ட பயிரோடு குத்தகை உரிமை ஏலம். ஏலம் போனால் நெல் போகும், நிலம் போகும், கொட்டகை போகும், பாட்டும் போகும்!

ஏல அறிவிப்பை வயலின் தலைமாட்டில் நின்று தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். கேட்டோம் என்று இரண்டு சாட்சி கையெழுத்திட வேண்டும். சட்டம் அது. தமுக்கடிப்பவர் யார்? கிராமத் தலையாரி. அப்போது தலையாரி யார்? இந்தத் தங்கையன்! உடன்பிறந்த அக்காள் வயலுக்கு உடன்பிறந்த தம்பியே தமுக்கடிக்க வேண்டும். இப்படி ஒரு விதியை எந்தப் பிரம்மன் எழுதினான், பெரியோர்களே?

காலையில் வந்தார் உத்தரவை நிறைவேற்றும் கோர்ட்டு அமீனா அமிர்தலிங்கம். நல்ல மனிதர், உத்தியோகம்தான் பொல்லாதது. நான் அடித்தேன். கொட்டகைக்குள்ளிருந்து கிட்டார் எழுந்தது! என் தமுக்கின் சத்தம் கடலில் கரைத்த பெருங்காயம் ஆனது.

"யோவ், அடிய்யா!"

"அடிச்சிகிட்டுதான் சார் இருக்கேன்."

"எனக்கே கேக்கலையே!"

"அப்ப அறிவிப்பு ஆகலைன்னு எழுதிக்குங்க சார்."

பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த சைத்தூன் பீவி அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "ஏம்மா, தமுக்குச் சத்தம் கேட்டுச்சா?"

அக்கா நிமிர்ந்தார். "தமுக்கா? அவரு முதுகு சொறியுறாருன்னுல்ல நெனச்சேன்!"

கைதட்டாதீர்கள். இனிமேல்தான் கதை.

கரண்ட் போயிற்று.

மோட்டார் நின்றது. கிட்டார் செத்தது. வாய்க்காலில் கடைசித் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். அமீனா என்னைப் பார்த்தார். "இப்ப அடி."

வரப்பில் என் அக்காள் நின்றாள். அழவில்லை, ஏசவில்லை. "அடிடா தம்பி," என்றாள். "உனக்கும் புள்ளகுட்டி இருக்கு. வேலையப் பாரு."

குச்சியை ஓங்கினேன். அப்போது கொட்டகைக்குள்ளிருந்து வந்தது குரல். பெட்டி இல்லை, மின்சாரம் இல்லை. வெறும் தொண்டை. விட்ட இடத்திலிருந்து தொட்டாள் என் மருமகள்:

"நட்ட கையை நிலமறியும் — கோர்ட்டு
நீட்டும் கையை அதுக்கென்ன தெரியும்?"

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. இறங்கவில்லை.

"என்னய்யா?"

"கை வரல சார்."

"வேலை போயிடும், தங்கையா."

"போவட்டும் சார்."

போயிற்று. அமீனா சுற்றுவட்டாரமெல்லாம் வேறு ஆள் தேடினார். எந்த ஊரிலும் குச்சி பிடிக்கக் கை கிடைக்கவில்லை. அதற்குள் அண்ணன் இராஜாங்கம் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். நெல் களத்துக்கு வந்தது. வழக்கு இன்றும் நடக்கிறது. அக்காள் இன்றும் நடுகிறாள். அன்றிலிருந்து அம்சவல்லியின் ஒலிப்பெட்டியைத் தூக்குவதே என் உத்தியோகம். ஊர் ஊராகத் தூக்குகிறேன். ஓய்வூதியம் இல்லை. ஆனால் எந்த வயலின் தலைமாட்டிலும் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை!

தாய்மார்களே, பெரியோர்களே! நட்டவளுக்கு நிலம் வேண்டும், பாடுபவளுக்கு இடம் வேண்டும் என்பதைத் தவிர நான் வேறென்ன கேட்டேன்? அவள் சொந்தப் பாட்டைத்தான் பாடுவாள். துண்டுச் சீட்டு அனுப்பாதீர்கள். கலைந்து போகாதீர்கள். என் மருமகளுக்கு இந்த ஒரு பொழுதைக் கொடுங்கள். பொறுத்த உங்கள் காதுகளுக்கு நன்றி, பொறுக்காமல் திரும்பிய முதுகுகளுக்கும் நன்றி. அனைவருக்கும் என் வணக்கம்.

இறங்குமுன் ஒன்று. பறவை பறந்தது பொய். நந்தி காதை மடித்தது பொய். ரயில், தம்பி சொன்னதுதான். தமுக்கைக் கிட்டார் அமுக்கியது என்றேனே, அதுவும் பொய். அந்தப் பெட்டி அப்போது மரக்கால் அளவுதான், ஒரு காக்கையைக்கூட விரட்டாது. நான்தான் தோலில் படாமல் அடித்தேன். அமீனாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

கரண்ட் போன பிறகு அவள் பாடியதும், என் கை இறங்காமல் நின்றதும் மட்டும் உண்மை.